ஏழு நாள் படம்

மணிலா பக்கம் சளி, இருமல் என்றால் வீட்டில் 'பித்தோ-பித்தோ' கஷாயம் போடுவார்கள். தகாலோக் மொழியில் பித்தோ என்றால் ஏழு. ஏழு வகை இலையும் விதையும் சேர்ந்த சரக்கு. நம் கையில் இருப்பது வெறும் டீதான். இது ஆறுவதற்குள், அந்தப் பெயர் ஒரு சினிமாக் கம்பெனிக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி, ரீகல் ஃபிலிம்ஸ். முதலாளி லிலி மோன்டிவெர்டே, சீன வம்சாவளிப் பெண்மணி. 'மதர் லிலி' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பாப்கார்ன் விற்றார், பிறகு வெளிநாட்டுப் படங்களை வாங்கி ஓட்டினார், சொந்தப் படம் எடுத்தது 1970களில்தான்.

அவர் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 1950களில் எல்.வி.என்., சம்பகீதா, பிரீமியர் என்ற ஸ்டூடியோக்கள் நடிகர்களை ஒப்பந்தத்தில் கட்டி வைத்திருந்தன. அவை சரிந்ததும் கட்டு அவிழ்ந்தது. ஃபெர்னாண்டோ போ ஜூனியர் போன்ற பெரிய நட்சத்திரங்கள் சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். புதிய முதலாளி யாரை வைத்துப் படம் எடுப்பது? நட்சத்திரம் கிடைக்காவிட்டால் உருவாக்க வேண்டியதுதான். 1980இல் வந்த 'அண்டரேஜ்' படத்தில் மாரிசெல் சொரியானோ, ஸ்னூக்கி செர்னா, டினா பொனெவி என்று மூன்று இளம்பெண்கள். 'ரீகல் பேபீஸ்' என்ற பட்டாளமே பிறகு வளர்ந்தது.

மசாலாக் கம்பெனி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இஷ்மாயெல் பெர்னாலின் 'ரெலாஸ்யோன்' (1982) ரீகல் படம். சர்வாதிகாரி மார்க்கோஸின் ஆட்சி நடக்கும்போதே, வேலைநிறுத்தத் தொழிலாளர் பக்கம் நிற்கும் கன்னியாஸ்திரீயைப் பற்றி மைக் டி லியோன் எடுத்த 'சிஸ்டர் ஸ்டெல்லா எல்.' (1984) படத்துக்கும் பணம் போட்டது ரீகல்தான். விருதுகள் குவிந்தன, கல்லா நிறையவில்லை.

1990களின் கடைசியில் தொழிலே படுத்தது. ஒருபுறம் ஹாலிவுட், மறுபுறம் ஆசியப் பொருளாதார நெருக்கடி. டிக்கெட்டில் 30 சதவீதம் வரை கேளிக்கை வரி வேறு. அப்போது ரீகலின் துணை நிறுவனமான குட் ஹார்வெஸ்ட் எடுத்த மருந்துதான் பித்தோ-பித்தோ: முன்தயாரிப்பு ஏழு நாள், படப்பிடிப்பு ஏழு நாள், எடிட்டிங் முதலான மிச்ச வேலைகள் ஏழு நாள். நடைமுறையில் சில நாள் இழுத்ததுண்டு. இரண்டொரு வீடு, நாலைந்து பாத்திரம், கைக்கு அடங்கிய கதை. போட்ட பணம் கொஞ்சம் என்பதால் போனாலும் முதுகு ஒடியாது. அந்தத் தைரியத்தில் புது இயக்குநர்களுக்குக் கதவு திறந்தது. கலையை வளர்க்கவென்று செய்ததல்ல, சிக்கனம்தான். ஆனாலும் வளர்ந்தது என்பதே என் தீர்ப்பு. ஜெஃப்ரி ஜெட்டூரியன் அப்படி வந்தவர். லவ் டியஸின் முதல் படமும் 1998இல் அப்படித்தான் வந்தது. அதே டியஸ் இன்னொரு பக்கம் பத்தாண்டு இழுத்து எடுத்து 2004இல் முடித்த குடும்பக் கதை, பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும்! 2016இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கமும் வாங்கினார்.

ரீகலைத் தாங்கிய இன்னொரு தூண் பேய். மூன்று குட்டிக் கதைகளை ஒரே படமாகக் கட்டிய 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' 1984இல் வேறொரு கம்பெனி தொடங்கியது. 1990இல் இரண்டாம் பாகத்தை ரீகல் எடுத்தது. கிறிஸ்துமஸ் தொடங்கி நடக்கும் மணிலா திரைப்பட விழா நாட்களில் தியேட்டர்களில் உள்நாட்டுப் படங்கள் மட்டும்தான். அந்தப் பருவத்துக்கென்றே பேய்கள் வரிசையாக வந்தன.

மதர் லிலி 2024 ஆகஸ்ட் 4 அன்று காலமானார். கம்பெனியை இப்போது மகள் ரோசெல் நடத்துகிறார்.