கேட்டுக் கற்போரும் கணிப்பொறித் தமிழும்

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைக் கண்ணால் காண இயலாதவரும் செவிவழியே கற்றறிஞராகலாம் என்பது நம் மரபு அறிந்த உண்மை. அம்மரபுக்கு இன்று கணிப்பொறியும் துணை நிற்கிறது.

திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். 2006இல் ஆஸ்திரேலியாவில், தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ அவற்றுள் ஒன்று. விலையின்றிக் கிடைக்கும் அது தமிழையும் படிக்கும்.

அக்கருவி இருந்தும் நாம் ஒரு முறை தவறினோம். நம் வகுப்பில் பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவருக்குச் சிலப்பதிகாரப் பாடக்குறிப்பை நிழற்படமாக எடுத்து அனுப்பினோம். “ஐயா, ஒரு சொல்லும் கேட்கவில்லை” என்றார் அவர். தேர்வுக்கு மூன்று நாள்களே இருந்தன. மாணவர் சிலர் பக்கங்களைப் பகிர்ந்துகொண்டு, இரவோடிரவாகத் தட்டச்சிட்டுத் தந்தனர். தவறு கருவியினுடையதன்று, நம்முடையது.

திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைக் காண்பதில்லை. அதற்குரிய எண்ணையே அறிகிறது. நிழற்படத்தில் அவ்வெண் இல்லை. பழைய எழுத்துருக்களிலோ அது வேற்றெழுத்தின் எண்ணாக உள்ளது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ எனப் பொறித்தால், உள்ளே பதிவாவன ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. காண்பவர்க்கு அது தமிழ்; கேட்பவர்க்கோ பொருளற்ற ஒலி.

ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனி எண்கள் உள்ளன. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முன்னே நிற்கும் ஒற்றைக்கொம்பும் அங்கே ககரத்தின் பின்னரே பதிவாகிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் இலக்கண நெறியும் அதுவேயன்றோ! தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

மின்னணு ஊடகத்தில் உள்ளவை மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும் வடிவில் அமைய வழிசெய்யுமாறு 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அரசைப் பணிக்கிறது. ஆயின் சட்டம் வந்து தட்டும்வரை ஆசிரியர் காத்திருத்தல் தகுமோ? பாடக்குறிப்பை ஒருங்குறியில் பொறிப்போம். படம் இருப்பின் அதன் பொருளை ஒரு வரியில் எழுதுவோம். தலைப்புகளை மென்பொருளிலேயே தலைப்பெனக் குறிப்போம். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. சிறிது கவனமே வேண்டும். அக்கவனம் தவறினால் ஒரு மாணவர் வகுப்பில் இருந்தும் பாடத்துக்கு வெளியே நிற்பார்.