காணாமல் போன எழுத்து

பாகான் டாலாம் வீட்டில் கண்விழித்து வரைந்த கட்டட வரைபடம் அது. காலையில் அச்சிட்டால் சுவர்கள் இருந்தன. அளவுக் குறிப்புகளைக் காணோம்!

ஆட்டோகேட்டில் கட்டடத்தை உண்மையான அளவிலேயே வரைகிறோம். 1:100 என அச்சிடும்போது எல்லாமே நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். நான் கொடுத்த 2.5 மில்லிமீட்டர் எழுத்தின் உயரம் 0.025 ஆகி, தலைமுடியின் தடிமன்கூட இல்லாமல் போனது.

கணக்கு எளிது: தாளில் வேண்டிய உயரத்தை 100ஆல் பெருக்குங்கள். 2.5க்கு 250 மில்லிமீட்டர். ஆட்டோகேட் 2008இல் வந்த 'அனோடேட்டிவ்' வசதியில் அளவுவிகிதத்தைத் தேர்ந்தெடுத்தால், இந்தப் பெருக்கலை மென்பொருளே செய்துவிடும்.

ஆனாலும் கவனம் தேவை. ஏ1 தாளை ஏ3 தாளாகச் சுருக்கினால் எழுத்தின் உயரம் பாதியாகும். கட்டுமானத் தளத்தில் ஒருவர் 3ஐ 8 என்று படித்தால், அந்தப் பிழை சிமெண்டோடு இறுகிவிடும்.

நண்பர்களே, ஒப்படைக்கும் முன் ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள்.