எந்தக் குரலில் உங்களுடன் பேசுகிறீர்கள்?

"பிள்ளை, நான் கையை விட்டிட்டன்."

வன்னியில் நான் சந்திக்கும் தாய் ஒருவர் எப்போதும் இந்த வசனத்துடன்தான் பேசத் தொடங்குவார். 2009 இல் சனநெரிசலுக்குள் நடந்து போகையில் தனது வயோதிபத் தாயின் கையைத் தவறவிட்டவர் அவர். செல் விழுந்த நேரம். இடுப்பில் குழந்தை, தோளில் பொதி. "நீங்கள் என்னம்மா செய்திருக்க முடியும்?" என்றால் தலையாட்டுவார். "விளங்குது பிள்ளை. மனம்தான் கேக்குதில்லை."

இங்கிலாந்தின் டேர்பியில் பணியாற்றிய உளவியலாளர் போல் கில்பேர்ட்டும் இதே இடத்தில்தான் தடைப்பட்டார். அவரிடம் வந்தவர்கள் தம்மில் பிழையில்லை என்பதற்கான நியாயங்களைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் மனதுக்குள் அதைச் சொல்லிய குரல், ஏசுகின்ற குரலாக இருந்தது. வெட்கமும் தன்னையே குற்றஞ்சாட்டும் பழக்கமும் மிகுந்தவர்களுக்காக அவர் உருவாக்கியதே பரிவை மையப்படுத்திய உளச்சிகிச்சை.

நமது உணர்வுகள் மூன்று வழிகளில் இயங்குகின்றன என்பது அவரது விளக்கம். ஆபத்தைக் கண்டு பதறுவது ஒன்று. வேண்டியதைத் தேடி ஓடுவது மற்றொன்று. பாதுகாப்பை உணர்ந்து ஆறுவது மூன்றாவது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளுக்கும், 1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கும் முதலாவது வழி இரவு பகலாக விழித்தே கிடந்தது. ஊர் திரும்பிய பின்னும் பலருக்கு அது உறங்கவில்லை. மூன்றாவதைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி சிறியது. இரு பாதங்களும் நிலத்தில் படும்படி நிமிர்ந்து இருங்கள். மூச்சை மெதுவாக எடுத்து, மெதுவாக விடுங்கள். முகத்தைத் தளர்த்துங்கள். பின்னர், உங்களைக் குத்தும் அந்த விடயத்தை அயல் வீட்டு அக்கா வந்து சொன்னால் எந்தக் குரலில் மறுமொழி சொல்வீர்களோ, அதே குரலில் உங்களுக்குச் சொல்லிப் பாருங்கள்.

சிலருக்கு இது ஆறுதலாக இராது, பயமாக இருக்கும். நெடுநாள் அன்பு கிடைக்காத மனம் அன்பு வரும்போது கலங்குகிறது. அடக்கி வைத்த துயரமும் கூடவே வருகிறது. அப்படியானால் நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளருடன் பேசுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர் எங்கே என்ற கேள்விக்கு மூச்சுப் பயிற்சி பதிலாகாது. அதை மறக்கச் சொல்லும் சிகிச்சையும் இதுவல்ல. 'பாவம்' என்று உச்சுக்கொட்டுவதும் பரிவல்ல. (நமது மொழியில் குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் அதே சொல்தான்!) துன்பத்தைக் கண்டு, அதைக் குறைக்க முனைவதே பரிவு.

உதவி செய்பவர்களுக்கும் இது வேண்டும். ஒரு நாள் ஐந்தாவது வீட்டில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்க, நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வீடு சென்று என் மகளை அடித்தேன். "பழகிவிடும்" என்றார் மேலதிகாரி. பழகிவிட்டதுதான் என் நோய் என்பது பிறகே விளங்கியது. கனடாவிலுள்ள என் சிநேகிதியோ, அங்கு சாப்பிட உட்கார்ந்தால் தொண்டையால் இறங்குதில்லை என்கிறாள். தப்பிப் போனதே அவளுக்குக் குற்றமாகத் தெரிகிறது.

அந்தத் தாயிடமும் அயல் வீட்டு அக்காவைப் பற்றிக் கேட்டேன். "நீ என்னடி செய்வாய், அந்தச் செல்லடிக்குள்ள..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்று வேறெதுவும் பேசவில்லை.

சில மாதங்களின் பின் போனபோது, "பிள்ளை, கை விடுபட்டுப் போச்சு" என்றார். பிறகு தேத்தண்ணி வைக்க எழுந்து போனார்.