12 அடிப் படகா, 14 அடிப் படகா?

உடப்புசல்லாவைத் தேயிலை மலைகளினின்று வடக்கு நோக்கி இறங்கினால், மகாவலியை மறித்து 1986 இல் கட்டி முடிக்கப்பெற்ற ரந்தெனிகல நீர்த்தேக்கத்தை அடையலாம். 1952 இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீன் இத்தகைய நீர்நிலைகள் பலவற்றில் பெருகியுள்ளது. நம் நாட்டு நன்னீர் மீனவர் பெரும்பாலும் கண்ணாடியிழை ஓடங்களையே கையாளுகின்றனர். எனினும், ஒரே பருமனுள்ள இரும்பின் எடையில் மூன்றிலொரு பங்கே கொண்ட அலுமினியமும் நன்னீருக்கு ஏற்றதே.

இருவர் கூட்டாகச் சேர்ந்து அத்தகைய படகொன்று வாங்க முற்படுகின்றனர் என்று கொள்வோம். ஒன்று 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. மற்றது 14 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. விலையில் முன்னதே எளிது.

சிறிய படகு ஓர் அங்குலம் அமிழ ஏறத்தாழ 90 கிலோ சுமை வேண்டும். பெரியதற்கு 130 கிலோ. இருவரையும் வலையையும் மீனையும் 230 கிலோ என்று கணித்தாலும், இரண்டும் அச்சமின்றி மிதக்கும். அப்படியாயின் சிறியதே போதுமே என்று நேயர்கள் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

ஆனால், படகு அமிழ்வதைக் காட்டிலும் கவிழ்வதே பெரிதும் அஞ்சத்தக்கது. நனைந்து கனத்த வலையை இழுக்கும்போது இருவரும் ஒரே பக்கம் சாய்வர். அச்சாய்வை எதிர்க்கும் ஆற்றலை ஒப்பிட, அகலத்தை மும்முறை பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்குதல் வேண்டும். சிறியதற்கு 768; பெரியதற்கு 1,750! ஓரடி அகலமும் ஈரடி நீளமும் கூடியதனால் உறுதி இருமடங்குக்கு மேலாகின்றது. மலையிடுக்கினின்று திடீரெனக் காற்றெழும் நீர்ப்பரப்பில், நீந்தத் தெரியாத ஒருவருக்கு இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

பெரிய படகுக்கும் குறையுண்டு. மின்சாரத்திற்கும் பாசனத்திற்கும் நீர் திறக்கப்படுகையில் கரை விலகிச் சென்று சேற்றுச் சரிவு வெளிப்படும். சிறிய படகை இருவர் இழுத்துச் செல்வர். பெரியதற்கு மூன்றாமவர் துணை வேண்டும். எதிர்காற்றில் துடுப்பு வலித்தலும் கடினமே. ஆகவே, குளத்தில் தனித்திருந்து தூண்டில் இடுவோர் சிறியதை வாங்கலாம். வலைத்தொழிலுக்கு என் தெரிவு பெரியதே. எதனை வாங்கினும் மிதவைச் சட்டை இரண்டிற்கும் பணம் ஒதுக்குக.

பழைய படகாயின், கரையிலேயே வைத்து உள்ளே அரைச்சாண் நீர் ஊற்றுக. சிறிது பொழுது கழிந்தபின், வெளிப்புறத்துத் தறையாணிகளில் எங்கேனும் ஈரம் கசிகின்றதா என்று விரலால் தடவிப் பார்த்து, அதன்பின் விலை பேசுக.