வேலை வீட்டில், கழிக்கும் உரிமை கடையில்

ஒரு கட்டுக்கு 25 பீடி. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எட்டு மணி நேரத்துக்குள் ஆயிரத்தை முடிக்க வேண்டுமானால் ஒரு பீடிக்கு 29 விநாடிக்கு மேல் கிடையாது. அதற்குள் இலையை நறுக்க வேண்டும், தூளை வைத்துச் சுருட்ட வேண்டும், தலையை மடக்க வேண்டும், நூல் கட்ட வேண்டும். முந்தின நாள் இலையை நனைத்துப் பதப்படுத்தும் நேரம் இந்தக் கணக்கில் வராது. கடைக்கு நடந்துபோய், வரிசையில் நின்று, பீடியை ஒப்படைத்துவிட்டு மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வரும் நேரமும் வராது.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் என்று திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் தெருக்களிலும், வடக்கே குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கமும் பல குடும்பங்களின் வாழ்க்கை இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நாடு முழுக்கப் பதிவுபெற்ற பீடித் தொழிலாளர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்பது அரசின் கணக்கு. பெரும்பாலோர் பெண்கள், தங்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவர்கள்.

பீடி உயிரைக் குடிக்கும் பொருள். அதில் மாற்றுக் கருத்து இல்லை, இந்தக் கட்டுரை அதற்கு வக்காலத்தும் அல்ல. ஆனால் வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கும் எவருக்கும் இந்தத் தொழிலின் கதை உதவும். வீட்டில் வேலை செய்பவர் யாருடைய தொழிலாளி என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் விடை பெற்ற தொழில் இது.

வேலை வீட்டுக்குள் வந்த விதம்

வட கேரளத்தில் பீடி சுற்றுவது ஒருகாலத்தில் கொட்டகை வேலை. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல் நாளிதழையோ நாவலையோ உரக்க வாசிப்பார். அவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சங்கங்கள் வளர்ந்ததில் இந்த வாசிப்புக்கும் பங்கு உண்டு. ஒரே இடத்தில் உட்கார்பவர்கள் கூலியைப் பற்றிப் பேசாமல் இருப்பார்களா?

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். கொட்டகைக்கு உரிமம், காற்றோட்டம், கழிப்பறை, வேலை நேர வரம்பு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று பலவற்றை அது கட்டாயமாக்கியது. முதலாளியோ ஒப்பந்தக்காரரோ கொடுக்கும் மூலப்பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீடி சுற்றுபவரும் தொழிலாளியே என்று தெளிவாகச் சொன்னது. பேறுகாலச் சலுகையையும் அவருக்கு உண்டாக்கியது. ஆனால் ‘தொழிற்கூடம்’ என்பதற்கு அது தந்த விளக்கத்தில் குடியிருக்கும் வீடு சேரவில்லை. அதாவது, சுற்றுபவர் தொழிலாளி. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் தொழிற்கூடம் அல்ல. காற்றோட்டமும் கழிப்பறையும் அந்த இடைவெளியில் நழுவிப்போயின.

முதலாளிகளுக்கு வழி தெரிந்துவிட்டது. கேரள அரசு 1968-ல் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூர்ப் பகுதிக் கொட்டகைகளை மூடியது. சுமார் 12,000 பேருக்கு வேலை போனது. அவர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்து 1969-ல் தொடங்கியதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம். 1980-களில் அது 42,000 பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அது கண்ணூரின் விதிவிலக்கு. மற்ற இடங்களில் வேலை மெல்ல மெல்ல வீட்டுக்குள் போனது, ஆண்களின் கையிலிருந்து பெண்களின் கைக்கு மாறியது. கொட்டகை வாடகை, விளக்குச் செலவு, உட்காரும் இடம் எல்லாம் சுற்றுபவரின் பொறுப்பாயின. புகையிலைத் தூசி சமையல் கட்டு வரை வந்தது.

இன்னொன்றும் வீட்டுக்குள் மறைந்தது. 1986-ம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் பீடி சுற்றுவதைக் குழந்தைகளுக்கு விலக்கப்பட்ட வேலைகளின் பட்டியலில் வைத்தது; அதே மூச்சில், குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. வாங்கும் இலையையும் கொடுக்கும் பீடியையும் பதியும் பாஸ்புத்தகத்தில் அம்மாவின் பெயர் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் தலை மடக்கிக்கொண்டிருப்பாள், கண் மங்கிய பாட்டி நூல் கட்டிக்கொண்டிருப்பார். ஆயிரத்தின் கூலி ஒருவருடைய ஒரு நாள் சம்பளம் என்றுதான் ஏட்டில் ஏறும்.

நீதிமன்றத்தில் எழுந்த வாதம்

1977-ல் வருங்கால வைப்பு நிதித் (பி.எஃப்.) திட்டம் பீடித் தொழிலுக்கும் விரிவுபடுத்தப்பட்டபோது, வீட்டில் சுற்றுபவர்களைத் தங்கள் ஊழியர்கள் என்று ஒப்புக்கொள்ள நிறுவனங்கள் மறுத்தன. அவர்களுடைய வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எத்தனை மணிக்கு உட்கார வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. மேற்பார்வைக்கு யாரும் இல்லை. வேண்டுமானால் சுற்றலாம், வேண்டாமென்றால் விடலாம். சுற்றுவது அவரா, வீட்டில் இன்னொருவரா என்றும் தெரியாது. இப்படியிருக்க அவர் எப்படி எங்கள் ஊழியர்?

பி.எம். பட்டேல் அண்ட் சன்ஸ் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. மேற்பார்வை என்றால் தலைமாட்டில் ஆள் நிற்க வேண்டும் என்பதில்லை. முடித்த வேலையைப் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று கழித்துவிடும் உரிமை கையில் இருந்தால் அதுவே போதுமான கட்டுப்பாடு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மங்களூர் கணேஷ் பீடி தொடர்ந்த வழக்கில் 1974-லேயே 1966 சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளின் பலத்தில்தான் வீட்டில் சுற்றும் பெண்ணுக்கும் பி.எஃப். கிடைத்தது.

கழிப்பது என்றால் என்ன என்பதைக் கடை வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கட்டிலிருந்து சில பீடிகளை உருவிப் பார்த்து, இலை கிழிந்திருக்கிறது, நீளம் குறைவு, தூள் இளகியிருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. கொடுத்த இலையே மோசமாக இருந்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. பற்றாக்குறைக்குக் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டியிருக்கும். வேலை குறையும் நாள்களில் ஆயிரத்துக்குப் பதில் ஐந்நூறுக்குத்தான் இலை கிடைக்கும். வேலை இல்லாத நாளின் நட்டமும் சுற்றுபவருடையதே.

தீர்ப்புக்குப் பிறகும் ஒரு சந்து பாக்கி இருந்தது. யாரிடமும் கூலிக்கு இல்லாமல், தன் வீட்டில் தன் குடும்பத்தோடு தானே பீடி செய்து விற்பவருக்கு 1966 சட்டம் பொருந்தவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு சில இடங்களில் புதிய ஏற்பாடு முளைத்தது. இலையையும் தூளையும் சுற்றுபவருக்கு ‘விற்பது’, சுற்றிய பீடியை அவரிடமிருந்து ‘வாங்குவது’. காகிதத்தில் அவர் சிறு வியாபாரி ஆகிவிடுவார். கை அதே கைதான், கழிப்பவரும் அதே ஆள்தான்.

கணினி முன்னால் உட்கார்ந்தவர்கள்

நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்துகொண்டு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் பாடு பரவாயில்லை. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை அயற்பணி நிறுவனங்களுக்கான பதிவுக் கெடுபிடிகளைத் தளர்த்தியதும் அவர்களுக்கு வழி எளிதானது. மின்கட்டணமும் நாற்காலியும் அவர்கள் தலையில் விழுந்தாலும் நியமன ஆணை கையில் இருக்கிறது. ஊழியர் என்பதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் துண்டு வேலைக்காரர்களுக்கு. அமேசான் 2005-ல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க் என்ற தளத்தை எடுத்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பது பூனையா நாயா என்று குறிப்பது, ரசீதிலிருந்து எண்களைப் பெயர்த்து எழுதுவது போன்ற பொடி வேலைகள். ஒவ்வொன்றுக்கும் சில காசுகள். அமெரிக்கர்களுக்கு அடுத்தபடி அங்கே அதிகம் உழைத்தவர்கள் இந்தியர்கள். வேலை கொடுப்பவருக்குப் பிடிக்கவில்லையென்றால் நிராகரிக்கலாம். நிராகரித்ததற்குப் பணம் கிடையாது. ஏற்கப்பட்ட வேலைகளின் சதவீதம் குறையக் குறைய அடுத்த வேலைகள் கண்ணிலேயே படாது. பீடிக்கடையில் ஒதுக்கியவராவது எதிரே நின்ற மனிதர். இங்கே அவர் முகமும் தெரியாது.

1985 தீர்ப்பின் அளவுகோலை வைத்தால் இவர்களும் தொழிலாளிகள்தானே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வீடுசார் தொழிலாளி, இணையத் தளம் வழியே வேலை பெறும் தளத் தொழிலாளி, வழக்கமான முதலாளி-ஊழியர் உறவுக்கு வெளியே வேலை செய்யும் கிக் தொழிலாளி என்று தனித்தனியாக விளக்கம் தருகிறது. முதலாளிக்காகத் தன் வீட்டில் பொருளோ சேவையோ உருவாக்கிக் கூலி பெறுபவர் வீடுசார் தொழிலாளி. கருவியையும் மூலப்பொருளையும் யார் கொடுத்தார்கள் என்பது பொருட்டல்ல. விளக்கம் விரிவானதே. ஆனால் அவரை அமைப்புசாராத் தொழிலாளர் பக்கம் வைத்து, அரசு அவ்வப்போது அறிவிக்கும் நலத்திட்டங்களுக்கு உரியவராக்குகிறதே தவிர, வேலை கொடுப்பவரின் பங்களிப்போடு பி.எஃப். கேட்கும் உரிமையை நேரடியாகத் தந்துவிடவில்லை. 1966 சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டது. வீட்டு வேலையாளரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்தக் கோரும் 177-ம் எண் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் நிறைவேற்றியது. எலா பட் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கமான ‘சேவா’ அதற்காக உழைத்த அமைப்புகளில் முன்னால் நின்றது. இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை.

கழிப்பதே தொழிலான இடம்

‘வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து மாதம் 30,000 சம்பாதிக்கலாம்’ என்ற விளம்பரங்களில் ஒரு வகை, பதிவுக் கட்டணம் கேட்டு வாங்கிக்கொண்டு காணாமல் போகும். இன்னொரு வகை இன்னும் தந்திரமானது. பணம் எதுவும் கேட்காமல் ஒப்பந்தத்தில் மின்கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இத்தனை நாளில் இத்தனை பக்கம், பிழை இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ராத்திரி பகலாக அடித்து அனுப்பினால், பிழை அதிகம் என்று மொத்தத்தையும் நிராகரித்து, ஒப்பந்தத்தை மீறியதற்கு அபராதம் கட்டச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்று வரும். வீட்டில் இருப்பவர்கள் பயந்து கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குத் தெரியக் கூடாதே என்று நகையை அடகு வைத்துக் கட்டுபவர்களும் உண்டு.

வேலை தருகிறவருக்கு வேலை செய்கிறவர் பணம் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பெரும்பாலான மோசடிகள் வாசலோடு நின்றுவிடும். அப்படி நோட்டீஸ் வந்தால் பணம் கட்டாமல், உரையாடல்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். கட்டிவிட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்கு முன் முடக்க வாய்ப்பிருக்கிறது.

நேர்மையான துண்டு வேலையிலும் எழுத்துப் பதிவு முக்கியம். வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் பி.எஃப். பெற்றதற்குத் தீர்ப்பு எவ்வளவு காரணமோ, வாங்கிய இலையும் கொடுத்த பீடியும் ஏறிய பாஸ்புத்தகமும் அவ்வளவு காரணம். பாஸ் தன் பெயரில் இல்லாமல், அடுத்த வீட்டுப் பாஸில் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தவர்களுக்குப் பல வருட உழைப்பு கணக்கில் ஏறவே இல்லை. கணினியில் துண்டு வேலை செய்பவர் என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தக் காரணம் சொல்லி நிராகரித்தார்கள் என்பதைத் திரைப்பதிவாக எடுத்துத் தேதியோடு வைத்திருக்கலாம். பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நிறுவன ஏட்டில் ‘செல்லம்மா’ என்றும் ஆதாரில் ‘செல்லம்மாள்’ என்றும் இருந்தால், பிறந்த தேதி ஒத்துப்போகாவிட்டால், பி.எஃப். பணமும் ஓய்வூதியமும் இழுபறியாகும். அதைத் திருத்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம் என்பதால், வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுவது நல்லது. கடை மூடிப் போனபின் கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டியிருக்கும்.