செல்கள் அனுப்பும் பொட்டலங்கள்

செல் பாடத்தில் கோல்கை உறுப்புகளைப் பொதிந்து அனுப்பும் நிலையம் என்று நடத்துகிறோம். அப்படி அனுப்பியவை செல்லைத் தாண்டி அடுத்த செல்லுக்கும் போகுமா? போகும். முதுமையில் வரும் அல்சைமர் மறதி நோயைப் புரிந்துகொள்ள இந்த விடை உதவுகிறது.

ஏறக்குறைய எல்லாச் செல்களும் சவ்வால் சூழப்பட்ட நுண்ணிய பைகளை வெளியே விடுகின்றன. சில பைகள் செல் சவ்வே மொட்டுப்போல் புடைத்துப் பிரிவதால் உண்டாகின்றன. வேறு சில, செல்லுக்குள் இருக்கும் ஒரு பெரிய பையினுள் குட்டிப் பைகளாக உருவாகின்றன. பெரிய பை செல் சவ்வோடு இணையும்போது குட்டிகள் வெளியேறும். இவற்றுக்கு எக்சோசோம் என்று பெயர். அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். சிவப்பணுவின் விட்டத்தை 7 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், அதன் குறுக்கே 100 நானோமீட்டர் பைகள் எத்தனை அடங்கும்? இக்கணக்கை மாணவர்களிடமே கொடுக்கலாம். விடை 70.

1983-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் இரு ஆய்வுக் குழுக்கள் முதிர்ந்துவரும் சிவப்பணுக்களை ஆராய்ந்தன. இரும்பை உள்வாங்க உதவிய ஏற்பிப் புரதத்தை அவை இத்தகைய பைகளில் வெளியேற்றுவதைக் கண்டன. அதனால் இவை பல ஆண்டுகள் குப்பைப் பைகளாகவே கருதப்பட்டன. 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது சென்றுசேரும் செல்லில் வேலை செய்வதையும் காட்டினர். குப்பைப் பை தபால் பை ஆனது.

அல்சைமர் நோயில் டாவ் என்னும் புரதம் உருக்குலைந்து நரம்புச் செல்களுக்குள் சிக்கலாகப் படிகிறது. இது மூளையில் ஓர் ஒழுங்கில் பகுதி பகுதியாகத் தோன்றுவதை ஜெர்மனியின் பிராக் தம்பதியர் 1991-இல் விளக்கினர். டாவ் ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பல வழிகள் உண்டு. நுண்பைகள் அவற்றுள் ஒன்று. எலிகளில் மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோக்ளியாவைக் குறைத்தபோதும், எக்சோசோம் உருவாவதைத் தடுத்தபோதும் டாவ் பரவல் குறைந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது.

அப்படியானால் நுண்பைகளை முழுவதுமாகத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் வேண்டாத புரதங்களை அகற்றவும், செல்கள் ஒன்றுக்கொன்று உதவவும் இதே பைகள்தாம் பயன்படுகின்றன. பாதையை அடைத்தால் நன்மையும் நின்றுபோகும். இதனால்தான் மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது.

இதை வகுப்பில் சொல்லும்போது 'பரவுகிறது' என்ற சொல்லில் நான் மிகுந்த கவனம் வைக்கிறேன். "தாத்தாவோட மறதி எங்களுக்கும் ஒட்டிக்குமா?" என்பது மாணவர்களிடம் இயல்பாக எழும் கேள்வி. இங்கே பரவுவது ஒரே மூளைக்குள், செல்லிலிருந்து செல்லுக்கு. தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ அல்சைமர் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. இந்த ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லாமல் பாடத்தை முடிக்கக் கூடாது. வீட்டில் மறதியோடு வாழும் முதியவர்களிடமிருந்து பிள்ளைகள் விலகிப்போக நம் பாடம் காரணமாகிவிடக் கூடாதல்லவா?

'எக்சோசோம் ஊசி' போட்டால் மறதி நீங்கும் என்ற விளம்பரங்களையும் இதே வகுப்பில் பேசலாம். அல்சைமருக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. எலியில் கண்ட முடிவுக்கும் மனிதருக்கான மருந்துக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை உணர்த்த இது நல்ல எடுத்துக்காட்டு.