மாட்டுக்கு முன்னால் சேதி போக வேண்டும்

2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பக்கம் பண்ணைப் பன்றிகள் காய்ச்சல் கண்டு சாகத் தொடங்கின. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஆய்வகம் உறுதி செய்ததும், நோய் கண்ட பண்ணையிலும் அதைச் சுற்றியும் இருந்த நூற்றுக்கணக்கான பன்றிகளைக் கேரள அரசு கொன்று புதைத்தது. ஆறு மாதம் கழித்து, 2023 ஜனவரியில், நீலகிரியின் முதுமலை புலிகள் காப்பகத்தில், தெப்பக்காடு பகுதியில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தன. சோதித்துப் பார்த்தால் அதே காய்ச்சல்.

இந்தக் காய்ச்சல் மனிதரைத் தொடாது. பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. மருந்தும் கிடையாது, இந்தியாவில் போடுவதற்குத் தடுப்பூசியும் கிடையாது. நோய்ப் பன்றியின் இறைச்சியில், ஓட்டல்களிலிருந்து வரும் எச்சில் சாப்பாட்டில், வேன் டயரில், பண்ணைக்காரரின் பூட்ஸில் கிருமி பயணம் போகும். ஊட்டி, குன்னூர் போல ஓட்டல்கள் நிறைந்த ஊர்களின் அருகே பன்றி வளர்ப்பவர்கள் மிச்சச் சாப்பாட்டைக் கொதிக்க வைக்காமல் போடக்கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நீலகிரியின் அமைப்பே நோய்க்கு வசதியானது. ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் கேரளம். பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று சேதி வந்தால் நாடுகாணியிலும் பாட்டவயலிலும் கக்கநல்லாவிலும் வண்டிகளை நிறுத்தி டயருக்குக் கிருமிநாசினி அடிக்கிறார்கள். சாலைக்கு அது சரி, காட்டுக்குள் சோதனைச்சாவடி ஏது? மசினகுடி மாடு மேய்ந்த புல்லை மறுநாள் காட்டெருமை மேய்கிறது. குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைக் கூட்டம் பட்டப்பகலில் நிற்பது இப்போது யாருக்கும் புதுமை இல்லை. லைன் வீட்டுக்காரரின் ஒற்றைக் கறவை மாடும் அதே தோட்ட ஓரத்தில்தான் மேய்கிறது.

இந்த நெருக்கத்தின் விலையை முதுமலை ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1968-ல் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெக்கை நோய் வந்தபோது முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டெருமைகள் பெருமளவில் மடிந்தன. அந்த வெக்கை இன்று உலகத்திலேயே இல்லை. 1954-ல் இந்தியா தேசியத் திட்டம் போட்டு ஊர் ஊராக ஊசி போடத் தொடங்கியது. நாட்டின் கடைசி நோய்த்தாக்கு 1995-ல் நம் வட ஆர்க்காடு பகுதியில் பதிவானது. 2011-ல் வெக்கை உலகை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் முற்றாக ஒழித்த நோய் இது ஒன்றுதான். இதைச் செய்து முடித்தவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத தடுப்பூசி ஊழியர்கள்.

அப்படியானால் மாட்டின் வாயையும் காலையும் புண்ணாக்கும் கோமாரி மட்டும் ஏன் போகவில்லை? வெக்கைக்கு ஒரு தடுப்பூசியே பல வருடம் தாங்கும். கோமாரித் தடுப்பூசியின் பலம் ஆறு மாதத்தில் இறங்கிவிடும். வைரஸும் ஒரே வகை அல்ல. இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 என மூன்று வகைகள் சுற்றுகின்றன. காற்றிலும் பரவும், பால் கேனிலும் பரவும், வியாபாரியின் வேட்டியிலும் பரவும். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும்; நோயின் அறிகுறி தெரிய இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அதற்குள் அது தொழுவத்தில் மற்ற மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து முடித்திருக்கும்.

கோமாரி வந்தபின் தெரிவது இப்படி. மாடு தீவனத்தை விடும். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடியும். உதட்டைச் சப்பிச் சப்பி ஒரு சத்தம் கேட்கும். நாக்கிலும் ஈறிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளம் உடைந்து புண்ணாகும். பால் சட்டென்று வற்றும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஆனால் பலவற்றுக்குப் பழைய கறவை திரும்பாது. சில மாடுகள் வெயில் ஏறினாலே மூச்சிரைக்கும். கன்றுகளின் கதை வேறு. நோய் கண்ட தாயின் பாலைக் குடித்த கன்று, வாயில் புண்கூட வராமல், இதயம் பாதிக்கப்பட்டுத் திடீரென்று சாகும். 2013-ல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கோமாரி ஆடிய ஆட்டம் மாடு வைத்திருந்த குடும்பங்களுக்கு மறந்திருக்காது.

மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆண்டுக்கு இரண்டு முறை இலவசமாகக் கோமாரித் தடுப்பூசி போடுகிறார்கள். காதில் மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். ஊசி போட்டது அந்த எண்ணில் பதிவாகும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மருந்தை 2 டிகிரிக்குக் கீழும் 8 டிகிரிக்கு மேலும் போகாமல் பெட்டியில் சுமக்க வேண்டும். மலைக் குளிர்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும். ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி. சாலை முடிகிற இடத்திலிருந்து ஹட்டி எனும் மலைக் கிராமத்துக்கு நடை.

அதைவிடக் கஷ்டம், மாடு அகப்படுவது. தோடர்களின் எருமைகள் கட்டுத்தறிக்குப் பழகியவை அல்ல. பகலெல்லாம் புல்வெளியில் அலைந்து மாலையில் மந்து எனும் தோடர் குடியிருப்புக்குத் திரும்புபவை. முன்பெல்லாம் இறப்புச் சடங்கின்போது அவற்றைக் கொம்பைப் பிடித்து மடக்குவதை இளைஞர்கள் வீரமாகச் செய்தார்கள். அப்படிப்பட்ட எருமைக்கு முகாம் அறிவித்த காலை பத்து மணிக்கு ஊசி போட நினைப்பது அலுவலகக் கணக்கு. விடியற்காலையில், பட்டி திறக்கும் முன்னால் போனால்தான் வேலை நடக்கும். மசினகுடி, மாவனல்லா மலைமாடுகளும் இப்படித்தான். வெகுகாலம் சாணத்துக்காகவே மந்தை மந்தையாக வளர்க்கப்பட்டவை அவை. அந்தச் சாணம் கேரளத்துத் தோட்டங்களுக்கு லாரியில் போனது. கறவைக்காக அல்லாத மாட்டுக்கு ஊசி எதற்கு என்ற எண்ணம் உடையவருக்கு, காட்டோரம் முதலில் நோயைச் சந்திப்பது அந்த மாடுதான் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயை மறைப்பது அடுத்த சிக்கல். சொன்னால் சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள், மாட்டை விற்க முடியாது. ஆகவே வாயைத் திறப்பதில்லை. 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அறிவிக்கப்பட்ட நோய் என்று சந்தேகம் வந்தாலே ஊராட்சியிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லச் சொல்கிறது. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டுவதையும் உரிமையாளரின் கடமையாக்குகிறது. ஆனால் ஒரே மாட்டை நம்பி வாழும் குடும்பத்திடம் சட்டத்தை மட்டும் நீட்டிப் பயனில்லை. கொன்ற பன்றிக்கு வயநாட்டில் இழப்பீடு கொடுத்தார்கள். கோமாரியில் பால் நின்ற வாரங்களுக்கும் ஏதாவது ஒரு கைத்தாங்கல் இருந்தால் சேதி தானாக வெளியே வரும்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். 2001-ல் வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் வேகவைக்காத எச்சில் சாப்பாட்டிலிருந்து கோமாரி தொற்றியது. பண்ணைக்காரர் சொல்லவில்லை. பிப்ரவரி 20-ல் நோய் உறுதியானபோது அது சந்தை ஆடுகளோடு நாடு முழுக்கப் போய்விட்டிருந்தது. முடிவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். இத்தனைக்கும் பணமும் ஆய்வகமும் ஆட்களும் நிறைந்த நாடு.

திடீர்ச் சாவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்து மாடு செத்திருந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்கவே கூடாது, அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாகி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும், அறுத்தவருக்கும் தொற்றும். மருத்துவர் வரும்வரை நாயும் நரியும் அண்டாமல் காவல் வைத்து, பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். அடைப்பானுக்கான தடுப்பூசி 1932-லிருந்து இயங்கிவரும் இராணிப்பேட்டை கால்நடைத் தடுப்பு மருந்து நிறுவனத்திலேயே தயாராகிறது.

ஊர்கள் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்ட ஒரு கொட்டகை, தொழுவ வாசலில் சுண்ணாம்புத் தூள், செத்ததைப் புதைக்க ஓடையிலிருந்து தள்ளி முன்கூட்டியே பேசி வைத்த ஒரு நிலம். எஸ்டேட்டில் அந்த நிலத்துக்கு மேனேஜரின் சம்மதம் வேண்டும்; நோய் வந்த அன்று ஓடிப்போய்க் கேட்டால் கிடைக்காது. கோமாரி வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்துத் தருவதைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரும் பரிந்துரைக்கிறார்கள். வலி தணியும், மாடு தீவனம் எடுக்கும். தடுப்பூசி செய்யும் வேலையை அது செய்யாது.

நீலகிரியில் மாடு வைத்திருப்பவர்கள் தொழுவச் சுவரில் இரண்டு எண்களை எழுதி வைக்கலாம்: பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் எண், கட்டணமில்லாத 1962. கன்றுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகியிருந்தால் அடுத்த முகாமுக்கு அதையும் பிடித்து வாருங்கள், ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.